பழைய மிட்டாய்கள்: இன்னும் நம் நாட்டிலேயே செய்கிறவை எவை?

மலைக்கோட்டை எழுதியது:

‘அந்தக் காலத்து மிட்டாய்’ என்று டப்பா டப்பாவாக விற்கிறார்கள். தேன் மிட்டாய், கமர்கட், புளிப்பு மிட்டாய், சூட மிட்டாய் என்று உள்ளே பத்துப் பன்னிரண்டு வகை இருக்கும். யார் செய்தது, எப்போதிலிருந்து செய்கிறார்கள் என்று கேட்டால் விற்பவருக்கே தெரிவதில்லை. பழைய ஞாபகம் விற்பனைக்கு நல்ல சரக்கு, அதில் எனக்கு வருத்தமில்லை.

எனக்கு வேண்டியது வரலாறு. 1990-க்கு முன்பே புழக்கத்தில் இருந்து, இன்றும் நம் நாட்டிலேயே, முடிந்தால் அதே ஊரிலேயே செய்யப்படுகிற மிட்டாய்கள் எவை? யார் தொடங்கினார்கள், இப்போது யார் கையில் இருக்கிறது? ‘எங்க ஸ்கூல் வாசல்ல ஒரு ஆயா’ கதைகளுக்கு வேறு இழை இருக்கிறது, இங்கே வேண்டாம்.

சில்லறைப்பாக்கி எழுதியது:

அப்படியென்றால் 1929-இல் தொடங்குவோம். இடம் பம்பாய், விலே பார்லே. மோகன்லால் தயாள் என்பவர் ஜெர்மனிக்குப் போய் மிட்டாய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு, இயந்திரங்களையும் வாங்கி வந்து போட்ட ஃபேக்டரிதான் பார்லே. அதுவரை காகிதம் சுற்றிய மிட்டாய் என்றால் பெரும்பாலும் சீமையிலிருந்து கப்பலில் வருவதுதான், வசதியானவர்கள் வீட்டுச் சமாசாரம். சுதேசி பேச்சு சூடாக இருந்த நேரத்தில் இவர் ஆரஞ்சு மிட்டாயைப் போட்டார். பிஸ்கட் எல்லாம் சுமார் பத்து வருஷம் கழித்து வந்தது. பார்லே என்றதும் நமக்கு பிஸ்கட்தான் நினைவுக்கு வருகிறது, ஆனால் பிறப்பால் அது மிட்டாய்க் கம்பெனி.

கிஸ்மி 1963, மெலடி 1983. இரண்டும் இன்றைக்கும் பெட்டிக்கடைப் பாட்டிலில் இருக்கின்றன. கிஸ்மியில் ஏலக்காயைப் போட்டது நல்ல யோசனை. வெளிநாட்டு டாஃபியில் பாலும் வெண்ணெயும்தான் முன்னால் நிற்கும், இதில் பாயச வாசனை வரும்.

இன்னொன்று ரோலா கோலா. இடையில் நிறுத்திவிட்டார்கள். 2019-இல் ட்விட்டரில் ஒருவர் திரும்பக் கேட்டார். பத்தாயிரம் ரீட்வீட் வரட்டும் என்று கம்பெனி சொன்னது, வந்துவிட்டது. அந்த வருஷமே கடைக்கும் வந்தது.

கெடிலக்கரை எழுதியது:

எங்கள் ஊர்ப் பக்கத்தை விட்டுவிட்டு பம்பாய் போய்விட்டீர்களே சார். பார்லேவுக்கு முன்பே, 1914-இல், நெல்லிக்குப்பத்தில் பாரி மிட்டாய்க் கம்பெனி வந்துவிட்டது. காபி பைட், லாக்டோ கிங், கேரமில்க் எல்லாம் அவர்களுடையது. காபி பைட் விளம்பரத்தில் ‘இது காபியா, டாஃபியா’ என்று சண்டை போடுவார்களே, நினைவிருக்கிறதா?

நெல்லிக்குப்பத்தில் ஏன் என்றால், அங்கே பாரியின் சர்க்கரை ஆலை இருந்தது. மிட்டாய்க்கு வேண்டிய பெரிய சரக்கு சர்க்கரை, அதைச் செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மிட்டாயையும் செய்துவிட்டால் வண்டிக் கூலி மிச்சம். இந்தக் கணக்கு வேறு ஊர்களிலும் உண்டு. மகாராஷ்டிராவில் நாசிக் மாவட்டத்து ராவல்காவ் ஒரு கிராமம்தான். வால்சந்த் ஹீராசந்த் அங்கே 1933-இல் சர்க்கரைப் பண்ணை அமைத்தார், 1942-இல் மிட்டாய் தொடங்கினார். பான் பசந்த் அங்கிருந்து வந்தது. பீகாரில் மடவ்ராவிலும் சர்க்கரை ஆலையும் மார்ட்டன் டாஃபி ஃபேக்டரியும் ஒரே ஊரில் இருந்தன. அங்கே இரண்டுமே மூடிக் கிடக்கின்றன. ஆலை படுத்தால் மிட்டாயும் கூடவே படுத்துவிடுகிறது.

தராசு எழுதியது:

வரலாறு சரி. ஆனால் பாரி மிட்டாய்க் கம்பெனியை 2004-இல் கொரியாவின் லாட்டே வாங்கிவிட்டது. அப்புறம் அது எப்படி ‘நம் மிட்டாய்’? சித்தூர் நியூட்ரினும் இப்படித்தான். 1952-இல் ஆந்திராக்காரர் தொடங்கியது, மகா லாக்டோ அவர்களுடையது. 2006-இல் கோத்ரெஜ் வாங்கியது, அடுத்த வருஷம் அமெரிக்காவின் ஹெர்ஷீஸ் கூட்டுச் சேர்ந்தது, 2012-இல் முழுவதுமாக ஹெர்ஷீஸ் கைக்குப் போனது. காகிதத்தில் பெயர் மட்டும் பழசு. இதையெல்லாம் பட்டியலில் சேர்த்தால் பட்டியலுக்கே அர்த்தமில்லை.

கெடிலக்கரை எழுதியது:

முதலாளி யார் என்பதை வைத்து மிட்டாய்க்குக் குடியுரிமை கொடுக்கிறீர்களா? நெல்லிக்குப்பம் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனவர்கள் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். சம்பளக் கவரில் எந்த நாட்டுப் பெயர் இருந்தால் என்ன, பாகு காய்ச்சியது அவர்கள்தானே.

தராசு எழுதியது:

அப்படியானால் ராவல்காவுக்குப் பதில் சொல்லுங்கள். 2024 பிப்ரவரியில் 27 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸ் நுகர்பொருள் கம்பெனிக்கு விற்றார்கள். விற்றது பிராண்டு பெயரையும் செய்முறையையும் மட்டும். நிலம், கட்டடம், இயந்திரம் எல்லாம் பழைய கம்பெனியிடமே நின்றுவிட்டன. முதலாளி இந்தியர், செய்முறை பழசு, ஆனால் ஊர் வேறு. உங்கள் கணக்கில் அது பழைய மிட்டாயா, புது மிட்டாயா?

மலைக்கோட்டை எழுதியது:

இழை போட்டவன் என்ற உரிமையில் தீர்ப்பு சொல்கிறேன், பிடிக்காதவர்கள் மேல்முறையீடு செய்யலாம். முதலாளி மாறினால் பரவாயில்லை, இடம் மாறினால் ஒரு கேள்விக்குறி போட்டுச் சேர்ப்போம். பார்லே, பாரி உள்ளே. பான் பசந்துக்குக் கேள்விக்குறி. மார்ட்டன் வெளியே.

கரிசல்மண் எழுதியது:

அண்ணாச்சி, மிட்டாய் இழை போட்டுவிட்டு இவ்வளவு நேரம் கடலை மிட்டாயைத் தொடாமல் கம்பெனி பங்குச் சந்தை பேசிக்கொண்டிருந்தால் கோவில்பட்டிக்காரன் சும்மா இருப்பானா?

உங்கள் கேள்விக்கு நேர் பதில் இதுதான். முதலாளி பிரச்சினையே கிடையாது, ஏனென்றால் ஒரு முதலாளி இல்லை. தெருவுக்குத் தெரு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தீப்பெட்டியும் கடலை மிட்டாயும்தான் ஊரை ஓட்டுகின்றன.

முன்பு எங்கள் பக்கம் இதைக் கருப்பட்டிப் பாகில் செய்வார்கள், அதுவும் திருவிழா, விசேஷம் என்றால்தான். 1940-களில் பொன்னம்பல நாடார் என்ற மளிகைக் கடைக்காரர் கரும்பு வெல்லத்தில் செய்து கடையில் வைத்து விற்க ஆரம்பித்தார். கருப்பட்டிக்குப் பனை சீசன் உண்டு, வெல்லத்துக்கு அந்தக் கஷ்டம் குறைவு. தினமும் செய்ய முடிந்தது, தினமும் விற்றது. அப்புறம் ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்டு என்று பரவியது.

செய்வதைப் பார்த்தால்தான் ஏன் இது ஊர் விட்டுப் போகவில்லை என்று தெரியும். கரிசலில் விளைந்த கடலையை வறுத்து, தோல் நீக்கிப் புடைப்பார்கள். பருப்பு இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கிற முளை உதிர்ந்துவிட வேண்டும், அது தங்கினால் லேசாகக் கசக்கும். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி, அடுப்பில் ஏற்றிக் காய்ச்சுவார்கள். பாகு காய்ச்சுகிற ஆளுக்குத் தெர்மாமீட்டர் கிடையாது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுவார். அது கெட்டிப்பட்டதும் எடுத்துத் தட்டில் போடுவார். ‘டங்’ என்று சத்தம் வந்தால் பதம் சரி. ‘தொப்’ என்று விழுந்தால் இன்னும் கொஞ்சம் எரிய வேண்டும். கடலையைக் கொட்டிக் கிளறி, தட்டில் பரப்பி, கட்டையை உருட்டிச் சமன் செய்து, சூடு இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். ஆறிவிட்டால் கத்தி இறங்காது, துண்டு துண்டாக உடையும். மேலே ரோஸ், பச்சை, மஞ்சள் தேங்காய்த் துருவல் தூவினால் அது எங்கள் ஊர் அடையாளம்.

சுவைக்குத் தாமிரபரணித் தண்ணீர் காரணம் என்று சொல்வார்கள். என்னைக் கேட்டால் கடலையும் அந்த ‘டங்’கும்தான்.

உற்பத்தியாளர் சங்கம் 2014-இல் விண்ணப்பித்து 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு வாங்கியது. இப்போது வேறு ஊரில் செய்து ‘கோவில்பட்டி கடலை மிட்டாய்’ என்று பெயர் போட முடியாது. தராசு சார், ராவல்காவ் பெயர் 27 கோடிக்குப் போனது என்றீர்களே, இந்தப் பெயரை விற்கவே முடியாது. சட்டப்படி அது ஊரோடு கட்டப்பட்டது.

2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது முதலில் 18 சதவீதம் போட்டார்கள், அந்த நவம்பரில் 5 ஆகக் குறைத்தார்கள். அந்தச் சில மாதங்கள் சின்னச் சின்னக் கொட்டகைக்காரர்கள் பட்ட பாடு தனிக் கதை.

சின்னப்பொண்ணு எழுதியது:

கரிசல் தம்பி, நான் வீட்டில் இதே மாதிரிதான் செய்கிறேன். வெயில் காலத்தில் நன்றாக வருகிறது. ஐப்பசியில் செய்தால் மறுநாளே நசநசவென்று கையில் ஒட்டுகிறது. ஆனால் சர்க்கரையில் செய்த புளிப்பு மிட்டாய் பாட்டிலில் மாதக்கணக்கில் கிடக்கிறது. இது ஏன்?

பாகுப்பதம் எழுதியது:

மிட்டாய் ஃபேக்டரியில் கொதிகலன் பக்கம் வெகுகாலம் நின்றவன், அதனால் இதற்கு நான் பதில் சொல்லலாம்.

அக்கா, வெல்லத்தில் சுக்ரோஸ் மட்டும் இல்லை. குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் பிரிந்து கொஞ்சம் இருக்கின்றன. ஃப்ரக்டோஸுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் காற்றே ஈரம், அதனால் கடலை மிட்டாய் வியர்க்கிறது. ஆறிய உடனே, முழுக்க ஆறிய உடனே, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். சூடாக மூடினால் உள்ளேயே ஆவி தங்கி நிலைமை மோசமாகும்.

ஃபேக்டரி மிட்டாயில் வேறு பிரச்சினை. வெள்ளைச் சர்க்கரையை மட்டும் கரைத்துக் காய்ச்சினால் ஆறும்போது திரும்பப் படிகமாகி மணல் மணலாக உதிரும். அதைத் தடுக்க மக்காச்சோள மாவிலிருந்து எடுக்கிற குளுக்கோஸ் சிரப்பைச் சேர்ப்பார்கள். அது வருவதற்கு முன்பு எலுமிச்சைச் சாறோ, டார்டாரிக் புளிப்போ சேர்த்தார்கள். புளிப்பு சர்க்கரையை உடைத்து, வெல்லத்தில் இயற்கையாக இருக்கிற அந்தக் கலவையைக் கொஞ்சம் உண்டாக்கும். இன்றைக்கும் வீட்டில் பாகுக்கு நாலு சொட்டு எலுமிச்சை விடுகிறோமே, காரணம் இதுதான்.

150 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சினால் தண்ணீர் இரண்டு மூன்று சதவீதம்தான் மிஞ்சும். ஆறினால் கடக்கென்று உடைகிற மிட்டாய். 120-ஐ ஒட்டி நிறுத்தினால் மெல்லுகிற மிட்டாய். கரிசல் சொன்ன ‘டங்’ சத்தம் 140-ஐத் தாண்டிய பிறகு வருவது. மீட்டர் இல்லாமல் காதால் அளக்கிறார்கள், அளவு சரியாகவே இருக்கும்.

திருவிழாக்கூட்டம் எழுதியது:

கம்பெனியும் வேண்டாம், கொட்டகையும் வேண்டாம், ஒரு கம்பு போதும் என்று ஓடிய தொழில் ஜவ்வு மிட்டாய். உயரமான மூங்கில், உச்சியில் கை தட்டுகிற பொம்மை, அதற்குக் கீழே பாலித்தீன் சுற்றிய ரோஸ் நிற ஜவ்வு. பிள்ளை கையை நீட்டினால் ஒரு இழுப்பு இழுத்து வாட்ச் கட்டுவார், மோதிரம் போடுவார், மயில் கேட்டால் மயில். மிச்சத் துணுக்கைக் கன்னத்தில் ஒட்டிவிடுவார், அது இலவசம்.

எங்கள் ஊர்த் தேரோட்டத்துக்கு இன்னும் வருகிறார்கள். முன்பு நிறைய பேர் வருவார்கள், இப்போது ஒருவரோ இருவரோ. பாகுப்பதம் ஐயா, அந்தப் பளபளப்பு எப்படி வருகிறது? சாயமா?

பாகுப்பதம் எழுதியது:

பளபளப்புக்குக் காரணம் சாயம் இல்லை, காற்று. வெந்த பாகை ஆணியிலோ கொக்கியிலோ மாட்டி இழுத்து, மடித்து, திரும்ப இழுப்பார்கள். ஒவ்வொரு மடிப்பிலும் நுண்ணிய காற்றுக் குமிழிகள் உள்ளே போகும். மங்கலான மஞ்சள் பாகு வெளுத்து, பட்டு மாதிரி மினுங்கும். நிறம் மட்டும்தான் சாயம்.

மருந்துக்கடை எழுதியது:

அந்த ‘மட்டும்தான்’ என்பதில்தான் சிக்கல். 2024 பிப்ரவரியில் புதுச்சேரி முதலில், பிறகு 17-ஆம் தேதி தமிழ்நாடு, பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டன. பரிசோதனையில் ரோடமின் பி கிடைத்தது. அது துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம், உணவில் சேர்க்க அனுமதியே இல்லாதது. அடர் ரோஸ் நிறத்தை மலிவாகக் கொடுக்கும் என்பதற்காகப் போடுகிறார்கள்.

பஞ்சு மிட்டாயில் தவறில்லை. அது வெறும் சர்க்கரை, சுற்றுகிற தட்டில் உருகி நூலாகப் பறக்கிறது. அமெரிக்காவில் 1897-இல் அந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் பல் டாக்டர், வாடிக்கையாளர்களைத் தானே உருவாக்கிக்கொண்டார் போல. வெள்ளையாகக் கொடுத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் வெள்ளைப் பஞ்சு மிட்டாயைப் பிள்ளைகள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

மலைக்கோட்டை கேட்ட ‘யார் செய்தது’ என்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்கும். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சின்ன அளவில் செய்பவரின் பதிவு. அடுத்த இரண்டும் மாநிலம். 124 என்றோ 224 என்றோ தொடங்கினால் தமிழ்நாடு. 100 என்று தொடங்கினால் மத்திய உரிமம், அதில் மாநிலம் தெரியாது. எண்ணே இல்லாத பாக்கெட்டை ‘பாரம்பரியம்’ என்று எழுதியிருந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

தராசு எழுதியது:

இதை இந்த இழையின் தலையில் ஒட்டி வைக்கவும்.

பனைவடலி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. நீங்கள் கடலை மிட்டாய் என்பதை நாங்கள் கச்சான் அல்வா என்போம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றி கச்சான் கடைகள் வரிசையாக இருக்கும். வறுத்த கச்சான் ஒரு குவியல், கச்சான் அல்வா ஒரு அடுக்கு, எள்ளுருண்டை ஒரு பக்கம். சாமி பார்த்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினால் பிள்ளைகள் விடாதுகள். ஆரஞ்சு மிட்டாயை எங்கட பக்கம் தோடம்பழ இனிப்பு என்று கேட்டு வாங்குவோம். கரிசல்மண் அண்ணை சொன்ன கருப்பட்டிக் கடலை மிட்டாயை இப்பவும் யாராவது செய்கிறார்களோ? எங்களிட்டப் பனங்கட்டி இருக்கு, செய்து பார்க்க ஆசை.

கரிசல்மண் எழுதியது:

செய்கிறார்கள், விலை கூடுதல். கருப்பட்டிப் பாகு சீக்கிரம் அடிப்பிடிக்கும், தீயைக் குறைத்து வையுங்கள். முதல் தடவை கால் கிலோவுக்கு மேல் போட வேண்டாம்.

சின்னப்பொண்ணு எழுதியது:

தேன் மிட்டாயைச் சொல்லாமல் விடக்கூடாது. தேன் ஒரு சொட்டுக்கூட இல்லாத மிட்டாய் அது. இட்லி அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, ஊறவைத்துக் கெட்டியாக அரைத்து, ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை. எண்ணெயில் சின்னச் சின்னதாகக் கிள்ளிப் போட்டுப் பொரித்து, சூடாகவே சர்க்கரைப் பாகில் போட வேண்டும். எண்ணெயும் சூடு, பாகும் வெதுவெதுப்பு என்றால்தான் உள்ளே ஜீரா ஏறும். எடுத்து ஆறவிட்டால் மேலே சர்க்கரை பூக்கும். கேரளத்தில் இதைத் தேன் நிலாவு என்பார்கள். இட்லிமாவு இருக்கிற வீட்டில் இதற்கென்று தனியாகச் சாமான் வாங்க வேண்டியதில்லை. சின்ன ஊர்களில் வீட்டுத் தொழிலாகவே இது பிழைத்துக் கிடப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சில்லறைப்பாக்கி எழுதியது:

பிழைத்துக் கிடப்பதைப் பற்றிப் பேசினால் காசையும் பேச வேண்டும். 2011 ஜூன் 30-க்குப் பிறகு 25 காசு செல்லாது என்று ஆனது. நாலணா மிட்டாய் அன்றோடு போச்சு. 50 காசு நாணயம் சட்டப்படி செல்லும், கடைக்காரர் வாங்கமாட்டார். ஆக, மிட்டாயின் அடிவிலை ஒரு ரூபாய். கம்பெனிக்காரர்கள் விலையைத் தொடாமல் எடையைக் குறைத்தார்கள், அளவு குறைந்த மிட்டாயைப் பிள்ளைகளும் கண்டுகொள்ளவில்லை. வெல்ல மிட்டாய் செய்பவர் அப்படிக் குறைக்க முடியாது. கமர்கட் ஒரு அளவுக்குக் கீழே போனால் மாத்திரை மாதிரி ஆகிவிடும்.

மளிகைக் கடையில் மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பார்களே, அதுவும் ஒரு பெரிய விற்பனை. ஜிபே வந்த பிறகு மீதி என்பதே இல்லை. என் பேரில் இருக்கிற பாக்கியும் தீர்ந்தது.

மலைக்கோட்டை எழுதியது:

இதுவரை சேர்ந்தவை: பார்லே ஆரஞ்சு மிட்டாயில் தொடங்கி கிஸ்மி, மெலடி, பாரியின் காபி பைட், லாக்டோ கிங், மகா லாக்டோ, கேள்விக்குறியோடு பான் பசந்த். இந்தப் பக்கம் கடலை மிட்டாய், ஜவ்வு, தேன் மிட்டாய். கமர்கட்டும் கல்கோனாவும் இன்னும் யாரும் சரியாக எழுதவில்லை. கமர்கட் என்றால் என் பல் டாக்டருக்குப் பயம்.

பாகுப்பதம் எழுதியது:

கமர்கட்டில் வெல்லமும் தேங்காய்த் துருவலும்தான். தேங்காயிலுள்ள ஈரம் போகும்வரை பாகிலேயே கிண்ட வேண்டும், அதற்குள் பாகு பதம் தாண்டிவிடும். அதனால் சிலர் தேங்காயை முதலில் வெறும் வாணலியில் வறுத்துக்கொள்வார்கள். கை பொறுக்கிற சூட்டில் நெய்யோ அரிசி மாவோ தொட்டு உருட்டிவிட வேண்டும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து உருட்டினாலும் கடைசி உருண்டை கல்லாகத்தான் வரும், தனியாளாக உட்கார்ந்தால் பாதி வாணலி வீண். உங்கள் பல் டாக்டருக்குச் சொல்லுங்கள், கமர்கட்டைக் கடிக்கக்கூடாது. கன்னத்தில் ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும்.

கல்கோனாவைக் காய்ச்சிப் பழகியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அதன் பாகு கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.